ஊசியின் அக்கா

அந்தக் கிளை நூலகத்துக்கு வந்துபோகிறவர்கள் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் முத்திரையம்மா. வாசலுக்கு நேர் எதிரே உள்ள மேசையில் உட்கார்ந்து, எடுத்துப்போகிற புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் திருப்பித் தரவேண்டிய தேதியை டக்கென்று குத்திக் கொடுப்பாள். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அந்த முத்திரையை அவள் கீழே வைக்கவில்லை. கேட்டால், "கரண்ட் போனா அதுக்கு ஞாபகமும் போயிடுது" என்பாள். டீக்கறை பட்ட பக்கத்தை விரித்துக் காட்டி, "இது நீங்க குடிச்சதா, புத்தகம் குடிச்சதா?" என்று கேட்பாள். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் தன்னைப் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டாள். ஐம்பதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகாதவள், அம்மா போனபிறகு தனியாக இருப்பவள். மற்றவர்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அவளுக்கு ஒரு தம்பி உண்டு என்பதும், அந்தத் தம்பிதான் ஊசி என்பதும் யாருக்கும் தெரியாது.

ஊசியைத் தெரியாதவர்கள் அநேகமாக இல்லை. விருது விழாக்களில் நட்சத்திரங்கள் என்ன உடுத்தி வந்தார்கள் என்று டிவியில் உட்கார்ந்து கிழித்துத் தோரணம் கட்டுகிறவன். ஒரு நடிகையின் நீளமான ஆடையைப் பார்த்து, "தைச்சவரு பாதியில சாப்பிடப் போயிட்டாரு போல, இன்னும் திரும்பி வரல" என்றான். அந்த நடிகை ஒரு வருஷம் எந்த விழாவுக்கும் வரவில்லை என்று பேசிக்கொண்டார்கள். குத்துவதற்காகவே பிறந்தவன் என்பதால் ஜனங்கள் வைத்த பெயர் ஊசி. அவனும் அதையே வைத்துக்கொண்டான்.

அவன் தன் வாழ்க்கைக் கதையை 'ஊசியின் காது' என்று புத்தகமாக எழுதியபோது நூலகத்தில் அடிபிடி ஆகிவிட்டது. யார் யாருடன் பேசுவதில்லை, யாருடைய தலைமுடி சொந்தமில்லை, எந்த அமைச்சரின் மனைவி வாடகைக்கு நகை வாங்கிப் போட்டாள் என்று இருநூறு பக்கத்துக்கு வம்பு. திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் சும்மா கொடுத்துவிட்டுப் போகவில்லை. மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கருத்தும் சொன்னார்கள்.

"சிரிச்சு சிரிச்சு வயித்துவலியே வந்துடுச்சும்மா."

"பாதி பொய்யா இருக்கும். ஆனா பொய்யை இவ்வளவு அழகாச் சொன்னா கேட்டுக்கலாம்."

"எங்க வீட்டுக்காரர் என்னைப் படிக்க விடாம அவரே வச்சுக்கிட்டாரு. கேட்டா, இதெல்லாம் பொம்பளைங்க படிக்கிற புத்தகம் இல்லையாம்!"

அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு முத்திரையைக் குத்தினாள்.

இவர்களில் விடாக்கண்டர் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். தினமும் காலையில் கதவு திறக்கும்போதே வந்துவிடுவார். புத்தகம் படிப்பதைவிட, அந்தப் புத்தகத்தைப் பற்றி இணையத்தில் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படிப்பதில் அவருக்கு ருசி அதிகம். போனை மூக்குக்கு அருகில் பிடித்துக்கொண்டு அவளுக்கு வாசித்துக் காட்டுவார்.

"இதைக் கேளுங்க. 'ஒரு நட்சத்திரம்தான் கொடுப்பேன், அதுவும் அட்டைப்படத்துக்கு.' இன்னொருத்தர் என்ன சொல்றாருன்னா, 'ரயில்ல படிச்சேன், இறங்கவேண்டிய இடத்தை விட்டுட்டேன்.' ஆனா எல்லாரும் ஒரே ஒரு விஷயத்துல மட்டும் ஒத்துப்போறாங்கம்மா. அந்த சோபா உறை அக்கா! அதுதான் புத்தகத்துலயே உச்சமாம்."

அவள் கையில் இருந்த முத்திரை மைப்பெட்டியிலேயே நின்றுவிட்டது.

அந்தப் பகுதியை அவள் புத்தகம் வந்த அன்றே, இரண்டு அலமாரிகளுக்கு நடுவில் நின்றபடி படித்திருந்தாள். 'ஓடிப்போன மாப்பிள்ளை' என்று தலைப்பு. "நான் தைத்த முதல் கல்யாண உடுப்பு என் அக்காவுக்கு. துணி நல்ல துணிதான். ஆனால் அக்கா அதற்குள் நுழைந்ததும் அது சோபாவுக்குப் போட்ட உறையாகிவிட்டது. மாப்பிள்ளை வந்தார், ஒருமுறை பார்த்தார், செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். இன்னும் ஓடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி."

படித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் கொடுமை. வாக்கியம் அவ்வளவு கச்சிதமாக இருந்தது. சிரித்து முடித்த பிறகுதான் சுருக்கென்றது. புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். மற்ற பக்கங்களை அவள் புரட்டவே இல்லை.

நடந்தது வேறு.

அப்போது அவர்கள் ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டு அறையில் குடியிருந்தார்கள். அப்பா, தம்பி நடக்கப் பழகும்போதே போய்விட்டார். அம்மாவுக்குச் சீருடை தைக்கும் பட்டறையில் வேலை. மாறி மாறி வரும் ஷிப்ட். தம்பியைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூடம் அனுப்பியதெல்லாம் அக்காதான். இடுப்பை விட்டு இறங்காத பிள்ளை. வளர வளர அவன் நடையும் கையசைவும் தெருப் பையன்களுக்கு வேடிக்கையாகிவிட்டது. வாய்க்கு வந்ததைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் விளையாடப் போவதை நிறுத்திவிட்டு, அம்மாவின் தையல் மிஷின் பக்கத்திலேயே கிடந்தான். அங்கே கை பேசியது. மீசை முளைப்பதற்கு முன்பே கழுத்துப்பட்டை வைக்கத் தெரிந்துகொண்டான்.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், "உடுப்பை நான்தான் தைப்பேன்" என்று ஒற்றைக் காலில் நின்றான். நீலத் துணி. வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, "அசையாத, அசையாத" என்று சொல்லிச் சொல்லி அவளைச் சுற்றி வந்தான். முடிந்தபோது ஒரு கை மட்டும் சற்று நீளமாக இருந்தது. மற்றபடி கண்ணாடியில் தெரிந்த பெண்ணை அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு அழகு.

கல்யாணத்துக்குச் சில நாட்கள் இருக்கும்போது மாப்பிள்ளையும் வீட்டாரும் பேச வந்தார்கள். தம்பி கழுத்தில் அளவு நாடாவோடு ஓடி வந்து, அந்த உடுப்பை விரித்துக் காட்டி, அது எப்படி விழும், எங்கே மடியும் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினான். மாப்பிள்ளையின் அப்பா துணியைப் பார்க்கவில்லை. பையனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தம்பி, கடைக்குப் போய் ஏதாவது வாங்கிட்டு வாயேன்" என்றார். அவன் நூல் வாங்கப் போனான்.

அவன் படியிறங்கியதும் அவர் தொண்டையைச் செருமினார். "தப்பா எடுத்துக்கக் கூடாது. கல்யாணத்தன்னிக்கு இந்தப் பையனை எங்கயாவது அனுப்பி வச்சிடுங்க. போட்டோவுலயும் வேண்டாம். அப்புறமும் எங்க வீட்டுப் பக்கம் போக்குவரத்து இல்லாம இருந்தா எல்லாருக்கும் மரியாதை."

அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க" என்றாள்.

அந்தச் 'சரிங்க'தான் அக்காவைச் சுட்டது. எழுந்து மாப்பிள்ளையை மாடிப்படிக்குக் கூப்பிட்டாள். "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள். அவன் நல்லவன்தான், ஆனால் அப்பா முன்னால் வாய் திறந்து பழக்கமில்லாதவன். செருப்பைப் பார்த்தபடி, "அப்பா சொன்னா சொன்னதுதான்" என்றான். அவள் நிச்சய மோதிரத்தைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

தம்பி நூலோடு திரும்பி வந்தபோது வந்தவர்கள் போய்விட்டிருந்தார்கள். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "கல்யாணம் இல்ல. எனக்கு அவரைப் பிடிக்கல" என்று மட்டும் அக்கா சொன்னாள். தன்னால்தான் கல்யாணம் நின்றது என்று தம்பிக்கு ஒருநாளும் தெரியக்கூடாது என்று அவள் முடிவு செய்திருந்தாள். அம்மாவிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வந்த வரன்கள் எதுவும் அமையவில்லை. அதற்காக அவள் உட்கார்ந்து அழுதவளும் இல்லை. நூலக வேலை கிடைத்தது, புத்தகங்கள் இருந்தன. ஆனால் தம்பி பெருநகரத்துக்குப் போய்ப் பேரெடுத்து, அம்மாவின் சாவுக்கு வந்து அன்று மாலையே கிளம்பிப் போனபோதும், தான் காய்ச்சலில் தனியாகக் கிடந்த நாட்களிலும், இவனுக்காகவா என்று ஒரு எண்ணம் எட்டிப் பார்க்கத்தான் செய்தது. அதை அவள் உள்ளே வரவிட்டதில்லை. அவ்வளவுதான்.

இப்போது அந்தப் புத்தகத்துக்கு வாசகர் கூட்டம் வைக்கலாம் என்று நூலகர் கிளம்பிவிட்டார். கூட்டம் என்றால் அவருக்கு உயிர். "எல்லாரும் பேசற புத்தகம்மா, நாம பேசலைன்னா எப்படி?" என்றார். நாற்காலி போட்டது, தண்ணீர் வைத்தது எல்லாம் அவள்தான்.

ஞாயிறு மாலை கூடம் நிறைந்துவிட்டது. முதலில் முடி திருத்தும் கடைக்காரர் எழுந்தார். "எங்க கடையில ஒரு நாள் பேச்சை எழுதினா இதைவிடப் பெரிய புத்தகம் வரும். நான் எழுதினா ஒரு பய முடிவெட்ட வரமாட்டான்" என்றார். கூட்டம் சிரித்தது. ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் சிரிக்காமல் எழுந்தார். "அடுத்தவங்க உடம்பைப் பத்தி வெளிய பேசியிருந்தா என் வேலையே போயிருக்கும். இவருக்கு அதுக்குக் கைதட்டறோம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ட்யூஷன் வாத்தியார் உடனே, "அட, எல்லாத்தையும் இப்படிப் பார்த்தா சிரிக்கவே முடியாதுங்க" என்று சோபா உறைப் பகுதியை ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டினார். கூடமே குலுங்கியது. அவள் பின்சுவரில் சாய்ந்து, கையில் காலி டம்ளர்களோடு நின்றாள்.

சிரிப்பு அடங்கும் முன் பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். வழுக்கைத் தலை, தடித்த கண்ணாடி. ஊரின் மறுகோடியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவளுக்கு அவரைத் தெரியும். வருஷத்தில் ஒருமுறை எங்காவது எதிர்ப்படுவார், மனைவியோடு வருவார், இருவரும் தலையசைத்துக்கொண்டு கடந்துபோவார்கள்.

"இதுல ஒரு தப்பு இருக்கு" என்றார் அவர். "அந்த மாப்பிள்ளை நான்தான்."

யாரோ நாற்காலியைத் திருப்பும் சத்தம் கேட்டது.

"நான் ஓடலை. என்னை அனுப்பி வச்சாங்க. உடுப்பு நல்லாத்தான் இருந்தது. எங்கப்பா அந்தப் பொண்ணோட தம்பியைக் கல்யாணத்துல யாரும் பார்க்கக் கூடாதுன்னு சொன்னாரு. 'என் தம்பி இல்லாத வீட்டுக்கு நான் வரமாட்டேன்'னு அவங்க மோதிரத்தைக் கழட்டிக் கொடுத்துட்டாங்க. இந்தப் புத்தகத்தை எழுதினவருக்கு இது தெரியாதுன்னு நினைக்கிறேன். தெரிஞ்சிருந்தா இப்படி எழுதியிருக்கமாட்டாரு."

"அந்தம்மா இப்ப எங்க இருக்காங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"அதை நான் சொல்லமாட்டேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் அவர் மேசைக்கு வந்தார். நன்றியை எதிர்பார்த்தாரோ என்னவோ. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: "உங்களை யாரு கேட்டா?"

"மனசு கேக்கலைங்க. ஊரே உங்களைப் பார்த்துச் சிரிக்குது."

"என்னைப் பார்த்துத்தானே? சிரிச்சுட்டுப் போறாங்க. இத்தனை வருஷமா நான் மூடி வச்சதை ஒரு நிமிஷத்துல திறந்துட்டீங்களே. அவன் காதுக்குப் போனா அவன் என்னாவான்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு படியிறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் காலை தபால்காரர் முகமெல்லாம் பல்லாக வந்தார். கூட்டத்தில் கேட்டதையெல்லாம் அப்படியே தன் கருத்தாக இணையத்தில் போட்டிருந்தார். "ஊர் உலகமே படிக்குதும்மா! இத்தனை பேரு எனக்கு வாழ்க்கையில கடிதம்கூடப் போட்டதில்ல."

"அதை எடுத்துடுங்க."

"ஏம்மா? உண்மைதானே..." என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்தார். உறையைப் பிரிக்காமலே உள்ளே நல்ல சேதியா கெட்ட சேதியா என்று சொல்லிப் பழகிய மனிதர். போனை எடுத்து எதையோ அழுத்தினார். "எடுத்துட்டேன்" என்றார் மெதுவாக. "ஆனா இந்நேரம் பரவியிருக்கும்மா. மன்னிச்சுக்கோங்க." முதல்முறையாக அன்று எதையும் வாசித்துக் காட்டாமல் போய்விட்டார்.

நூலகம் விடுமுறையாக இருந்த ஒரு நாளில் தம்பி வந்தான். டிவியில் பார்க்கிற பளபளப்பு எதுவுமில்லை. வெளுத்த சட்டை, சவரம் செய்யாத முகம். அவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டான்.

"அந்த ஆளு சொன்னது உண்மையா?"

"எந்த ஆளு? முதல்ல உள்ள வா."

"அக்கா."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "உண்மைதான். அதுக்கு இப்ப என்ன?"

அவன் சுவரோரமாகத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். பிறகு, "அம்மா வேற மாதிரி சொன்னாங்க" என்றான்.

"அம்மா என்ன சொன்னா?"

"மறுநாள் நீ வெளிய போயிருந்த. அந்த நீல உடுப்பை என் முன்னாலயே கத்தரியால துண்டு துண்டா வெட்டினாங்க. 'உன் தையலைப் பார்த்துத்தான் எழுந்து போயிட்டாங்க. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. அக்கா வாழ்க்கையைக் கெடுத்தது நீதான்'னு சொன்னாங்க."

அந்த உடுப்பை யாருக்கோ கொடுத்துவிட்டதாகத்தான் அம்மா அவளிடம் சொல்லியிருந்தாள். அம்மா ஏன் அப்படிச் செய்தாள் என்று யோசித்தாள். உன்னைப் பிடிக்கவில்லை என்பதைவிட உன் தையலைப் பிடிக்கவில்லை என்பது பிள்ளைக்குக் குறைவாக வலிக்கும் என்று நினைத்தாளோ? இல்லை, ஆத்திரத்தில் யார் தலையிலாவது போட்டாக வேண்டியிருந்ததோ? கேட்பதற்கு ஆள் இல்லை.

"அதை இத்தனை நாளா உள்ளயே வச்சிருந்தியா?"

"தாங்க முடியாமத்தான் ஜோக்கா மாத்தினேன். முதல்ல என்னை மட்டும்தான் கிண்டல் பண்ணினேன், தைக்கத் தெரியாத பயன்னு. மேடையில ஒருத்தரும் சிரிக்கல. உன்னைச் சேர்த்தேன். சிரிச்சாங்க."

"அதனால நான் சோபாவாயிட்டேன்."

"ஆமா." அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது.

வேறொரு நாளாக இருந்தால் அவள் ஓடிப்போய் அணைத்திருப்பாள். அன்று அவளால் முடியவில்லை. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து அவன் அழுது முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். தான் இழந்ததற்கு ஒரு பயன் இருந்தது, தம்பி ஒரு வலியிலிருந்து தப்பினான் என்றுதான் இத்தனை காலமும் நம்பியிருந்தாள். அவன் தப்பவே இல்லை. ஒரே வீட்டில் ஆளுக்கொரு பொய்யைச் சுமந்துகொண்டு, எதிரும் புதிருமாகச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

"உடுப்பு ரொம்ப நல்லா இருந்ததுடா" என்றாள் கடைசியில். "கண்ணாடியில பார்த்து நானே மயங்கிட்டேன். அதை உங்கிட்ட சொல்லாம விட்டது என் தப்பு."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். "அடுத்த பதிப்புல எல்லாத்தையும் மாத்தி எழுதறேன். நடந்ததை நடந்தபடியே. நல்லா எழுதறேன்க்கா."

"நல்லா எழுதுவ. அதான் எனக்குப் பயம்." அவள் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். "இப்ப சிரிச்சவங்க அப்ப 'ஐயோ பாவம்'னு அழுவாங்க. ரெண்டும் எனக்கு வேண்டாம். என்னை அந்தப் புத்தகத்தைவிட்டு எடுத்துடு. நான் யாரோட புத்தகத்துலயும் இருக்க வேண்டாம்."

அவன் வாதாடிப் பார்த்தான். அவள் மசியவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகும்போது, படியில் நின்று அவள் தோளில் தொங்கிய நூலொன்றைப் பிய்த்தெடுத்தான்.

மறுபதிப்பு வந்தபோது அந்தப் பகுதி அதில் இல்லை. வாசகர்கள் சும்மா இருப்பார்களா? பணம் வாங்கிக்கொண்டு உப்பில்லாமல் பரிமாறிவிட்டார்கள் என்றார்கள். யாரோ மிரட்டியிருப்பார்கள் என்றார்கள். எல்லாமே நாடகம், விற்பனைக்காகச் செய்தது என்றும் சிலர். தபால்காரர் எதையும் அவளிடம் வாசித்துக் காட்டுவதில்லை. ஆனால் யாராவது மேசையருகே நின்று அந்தப் பேச்சை எடுத்தால், "வரிசை நிக்குதுல்ல, நகருங்க சார்" என்று விரட்டினார்.

அவள் அந்தப் பதிப்பை வீட்டுக்கு எடுத்துப்போய், முதல்முறையாக முழுவதும் படித்தாள். பல இடங்களில் சிரித்தாள். சில இடங்களில் பக்கத்தைத் திருப்பக் கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தம்பி போன் செய்தான். இப்போதெல்லாம் செய்கிறான்.

"படிச்சியா? எப்படி இருக்கு?"

"நல்லா எழுதியிருக்க. ஆனா அந்த நடிகை, விழாவுக்கே வராம போனாளே, அவளைப் பத்தி எழுதினது எனக்குப் பிடிக்கல. அவ வீட்டுலயும் அதை யாரோ நின்னுக்கிட்டே படிச்சிருப்பாங்க."

"அதையும் எடுத்தா, நீ சொல்ற மாதிரி ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டே போனா, கடைசியில அட்டைதான்க்கா மிஞ்சும்" என்றான்.

"அட்டை நல்லாத்தான் இருக்கு" என்றாள் அவள்.

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவனும் அதைப் புரிந்துகொண்டு நிறுத்தினான். "யோசிக்கிறேன்" என்றான். உண்மையாகவே யோசிப்பானா என்று அவளுக்குத் தெரியாது. சாப்பிட்டியா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றான். போய்ச் சாப்பிடு என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.